பனியன் துணியில் குட்டிக் கிறிஸ்துமஸ் வளையம்

பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றில் பச்சை நிறப் பனியன் துணிக் கீற்றுகளை நெருக்கமாக முடிச்சிட்டு வந்தால், ஜன்னல் கம்பியிலோ சாவி மாட்டும் ஆணியிலோ தொங்கவிடக்கூடிய உள்ளங்கை அளவுக் கிறிஸ்துமஸ் இலைவளையம் தயாராகிவிடும். திருப்பூர்ப் பக்கம் எளிதில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுகளில் வரும் மெல்லிய ஒற்றைப் பின்னல்) துணியாகப் பார்த்து எடுத்து, அகலவாக்கில் அரை அங்குலக் கீற்றுகளாக வெட்டி, இரு முனைகளையும் பிடித்து ஒருமுறை இழுங்கள். ஓரங்கள் தாமாகவே சுருண்டு மெல்லிய குழலாகி, ஊசியிலை போன்ற தோற்றத்தைத் தரும். பிறகு 4 அங்குலத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து வளையலில் கோத்து இறுக்கலாம். நெய்த துணியில் ஓரத்தில் நூல் பிரிவதுபோலப் பின்னலாடைத் துணியில் எளிதில் பிரியாது என்பதால், தையலோ பசையோ தேவையில்லை. மேலே ஒரேயொரு சிவப்பு முடிச்சு போதும். சிறிய வளையத்தில் அதற்கு மேல் சேர்த்தால் பச்சையே மறைந்துவிடும்.

ரிப் (வரிவரியாக இழுபடும் பின்னல்), இன்டர்லாக் (இருபுறமும் ஒரேபோல இருக்கும் இரட்டைப் பின்னல்) துணிகள் இப்படிச் சுருளாது என்பதால் அவற்றில் இந்த முறை பயன்படாது. பருத்தி எளிதில் தீப்பற்றும். ஆகவே மெழுகுவத்தி ஏற்றும் குடிலருகே இதைத் தொங்கவிடவே வேண்டாம்.