சர்க்கியூட் படத்தை குரூப்புல போடுறது எப்படி (திட்டு வாங்குனவன் சொல்றேன்)

போன வருஷம் அப்பாவுக்கு மின்னல் எஃப்எம் கேக்க ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செஞ்சேன், எல்எம்1875 சிப்பு ரெண்டு போட்டு. பாட்டு ஜோரா வந்துச்சு. பாட்டை நிறுத்துனாத்தான் பிரச்சனை, ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல் (இதைத்தான் ஹம்னு சொல்வோம்), மில்லு பாய்லர் பக்கத்துல நிக்கிற மாதிரி. அப்பா ஒண்ணும் சொல்லல, ரேடியோவ மட்டும் பழைய பொட்டியில மாத்திக்கிட்டாரு. அதுவே போதும்லா, எனக்கு தூக்கம் வரல.

எங்க சுங்கை சிப்புட் (மலேசியா, பேராக்) பக்கம் ஆம்ப், ஸ்பீக்கர்னு நோண்டுற ஆளுங்க ஒரு முப்பது பேர் இருக்கோம், தோட்டத்து பசங்க, ஒரு ரிட்டையர்ட் கிராணி (தோட்டத்து கிளார்க்), ஈப்போவுல இருந்து வர்ற ரெண்டு பேர். போன்ல ஒரு குரூப், சனிக்கிழமை காலையில மாமாக் கடையில பசியாறிக்கிட்டே செஞ்ச சாமானை மேசையில வச்சு பேசுவோம். அந்த குரூப்புல, 555 புக்குல (கணக்கு எழுதுற குட்டி நோட்டு) பென்சில்ல வரைஞ்ச படத்தை ஃபோட்டோ எடுத்துப் போட்டு "ஹம் வருது, என்னா பிரச்சனை?"ன்னு கேட்டேன்.

செம்பனை மில்லுல சார்ஜ்மேனா (கரண்டு வேலைக்குப் பொறுப்பாளர்) இருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருத்தர் இருக்காரு, அவர்தான் மொதல்ல பதில் போட்டாரு: "இது சர்க்கியூட்டா, கோழி கிளறுனதா?" எனக்கு சுருக்குன்னு ஏறிருச்சு, நானும் வாய்க்கு வந்ததை எழுதிட்டு குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். மூணு வாரம். ஹம் அப்படியே இருந்துச்சு. வேற வழி இல்லாம திரும்பப் போனேன். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு.

1. படத்தை ஒழுங்கா வரைங்க

கீகேட்ல (சர்க்கியூட் வரையிற சாஃப்ட்வேர்) வரைங்க, ஃப்ரீதான், எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னுலாம் நான் சொல்லப் போறதில்ல. பிரெட்போர்டுல கலர் கலரா வயர் போட்டுக் காட்டுற படம் அனுப்பாதீங்க, அது பாக்க அழகு, ஆனா தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. இன்புட் இடது பக்கம், ஸ்பீக்கர் வலது பக்கம், பிளஸ் மேல, மைனஸ் கீழ. ஒவ்வொரு சாமானுக்கும் ஆர்1, சி1ன்னு நம்பர், அப்பத்தான் "அந்த மூலையில இருக்கிற கெப்பாசிட்டர்"னு யாரும் பேச வேண்டியதில்ல.

புள்ளி வச்சு மதிப்பு எழுதாதீங்க. 4.7கே வேணாம், 4கே7ன்னு எழுதுங்க. ஃபோட்டோவா அனுப்புனா படம் சுருங்கும், புள்ளி காணாம போயிரும். என் படத்துல ஸ்பீக்கர் பக்கம் 1 ஓம்மும் 0.22 மைக்ரோ ஃபாராடும் சீரீஸ்ல இருக்கும், ஆம்ப் ஆசிலேட் ஆகாம (தானா ஊளையிடாம) இருக்கிறதுக்கு. அந்த 1 ஓம்ம வெறும் "1"ன்னு எழுதி வச்சிருந்தேன், ஒரு தம்பி 1கே போட்டு செஞ்சிட்டு சிப்பு கொதிக்குதுன்னு வந்து நின்னான். இப்ப 1ஆர்னு எழுதுறேன். அப்புறம் பிடிஎஃப்பா, டாக்குமெண்ட்டா அனுப்புங்க, ஃபோட்டோவா இல்ல.

கெப்பாசிட்டருக்கு வோல்ட் எத்தனைன்னு கண்டிப்பா எழுதணும், ரெசிஸ்டருக்கு வாட். ஏன்னு மூணாவதுல வருது.

2. கூடவே நாலு வரி எழுதுங்க

எதுக்கு செஞ்சது, என்ன ஸ்பீக்கர், பவர் சப்ளை எத்தனை வோல்ட்டுன்னு மீட்டர்ல பாத்தது (டப்பாவுல எழுதியிருக்கிறது இல்ல), எதை டெஸ்ட் பண்ணீங்க, எதை பண்ணல, என்ன தெரியணும். "எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டா ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க. "இன்புட்ட ஷார்ட் பண்ணாலும் ஹம் நிக்கல, கிரவுண்ட் வயரிங் சரியா?"ன்னு கேட்டா அதுக்குத்தான் பதில் வரும். ஃபைல் பேர்ல வி1, வி2ன்னு தேதியோட போடுங்க, இல்லாட்டி பழைய படத்தைப் பாத்துட்டு ஒருத்தர் திட்டிக்கிட்டே இருப்பாரு.

படம் எங்க இருந்து எடுத்ததுன்னும் சொல்லிடுங்க. என்னோடது பாதிக்கு மேல சிப்பு கம்பெனி போடுற டேட்டாஷீட்ல இருக்கிறதுதான், அதை மறைச்சு என்ன ஆகப் போவுது.

3. திட்டு வரும், மீட்டரை எடுங்க

நான் வழுக்கி விழுந்தது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டுறேன். வர்ற கமெண்ட்ட எல்லாம் 555 புக்குல எழுதுங்க, ஆள் பேர் போடாம. பேர் போட்டா கோவம் வரும், சத்தியமா. ஒவ்வொண்ணுக்கும் நேரா "இதை எப்படி அளக்கிறது?"ன்னு ஒரு வரி. அளக்க முடியாததுக்கு ஒரு கோடு போட்டு தள்ளி வைங்க. "அந்த பிராண்டு கெப்பாசிட்டர் போட்டா சவுண்டு இனிக்கும்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, கோடு. கோழி கிளறுனதும் கோடுதான். ஆனா அதே மாமா அதே மெசேஜுல அடுத்த வரியில எழுதுனது நான் படிக்கவே இல்ல, கோவத்துல. "லோடு இல்லாதப்ப ரெயில் எத்தனை வோல்ட்? கெப்பாசிட்டர் எத்தனை வோல்ட்?" (ரெயில்னா பவர் சப்ளையில இருந்து சிப்புக்குப் போற பிளஸ், மைனஸ் லைன்.)

மூணு வாரம் கழிச்சு அளந்தேன். என் ட்ரான்ஸ்ஃபார்மர் 18-0-18, அதாவது நடு வயருக்கு ரெண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி. பீக் 1.414ல பெருக்குனா 25 சொச்சம். இதோட நின்னுக்கிட்டேன் நான், 25 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி ஈயம் வச்சிட்டேன். ஆனா ட்ரான்ஸ்ஃபார்மர்ல எழுதியிருக்கிற 18 ஃபுல் லோடுல வர்றது, லோடு இல்லாட்டி பத்து பர்சண்ட் கூட ஏறும். அது போக நம்ம ஊர்ல 230ன்னு சொன்னாலும் பிளக்குல 240 இருக்கும். மீட்டர்ல 28.6 காட்டுச்சு. 28.6 வோல்ட்ல 25 வோல்ட் கெப்பாசிட்டர் நாலு, அதுவும் அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல. அன்னிக்கே கழட்டி 50 வோல்ட் மாத்துனேன். எல்எம்1875க்கு ரெண்டு ரெயிலும் சேத்து 60 வோல்ட்டுதான் உச்சம், நான் 57ல நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.

இன்னொருத்தர் சொன்னது, "ஸ்பீக்கர் ரிட்டர்னும் இன்புட் கிரவுண்டும் ஒரே வயர்ல போவுது". எனக்கு அப்ப சிரிப்பு வந்துச்சு, வயர்தானே, ரெண்டு முனையும் ஒண்ணுதானேன்னு. இல்லலா. 0.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் 20 செண்டிமீட்டர் இருந்தா அதுக்கு 0.007 ஓம் இருக்கு. டயோடு வழியா பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுறப்ப கரண்ட் அந்த வயர்லயும் துண்டு துண்டா பாயும், 5 ஆம்பியர் கணக்கு வச்சிக்கங்க, 0.035 வோல்ட். அந்த வயர் மேலதான் என் இன்புட் கிரவுண்டும் குந்தியிருக்கு, ஆம்ப் அதை 21 மடங்கு பெருக்கும், ஸ்பீக்கர்ல உச்சத்துல 0.7 வோல்ட். அதான் அந்த பாய்லர் சத்தம்.

நீங்களும் பாக்கலாம், இன்புட்ட ஷார்ட் பண்ணிட்டு ஸ்பீக்கர் முனையில மீட்டரை ஏசி மில்லிவோல்ட்ல வைங்க. எனக்கு 190 காட்டுச்சு (அந்த கரண்ட் ஒடிஞ்சு ஒடிஞ்சு வர்றதால மீட்டர் உச்சத்தைக் காட்டாது). போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு ஸ்பீக்கர்கிட்ட வச்சா 100 ஹெர்ட்ஸ்ல பெரிய கம்பம் நின்னா ரெக்டிஃபயர் (ஏசிய டிசியா மாத்துற டயோடு) பக்கத்து வேலை, 50ல நின்னா ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல வயர் போவுது, இல்லாட்டி கிரவுண்ட் லூப் (கிரவுண்டு ரெண்டு வழியா சேந்து வளையமா ஆகுறது). என்னோடது 100. பெரிய கெப்பாசிட்டர் நாலும் சேர்ற இடத்துல இருந்து ஒரே ஒரு தடி வயர் ஒரு போல்ட்டுக்கு இழுத்து, இன்புட் கிரவுண்டு, ஃபீட்பேக் கிரவுண்டு, ஸ்பீக்கர் ரிட்டர்ன் எல்லாத்தையும் தனித்தனியா அந்த போல்ட்டுல கட்டுனேன். 190 போயி 2 ஆச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர் நடு வயர் கெப்பாசிட்டருக்குத்தான் போவணும், போல்ட்டுக்கு இல்ல, இதை மொத தடவை தப்பா கட்டி இன்னொரு ராத்திரி போச்சு.

4. நல்லவங்க சொல்ற தப்பு யோசனை

சிரிச்ச முகத்தோட, மரியாதையா, "தம்பி, 13 ஆம்பியர் பிளக்குல எர்த் வயரை கழட்டிருங்க, ஹம் நின்னுரும்"னு ஒருத்தர் சொன்னாரு. நாலு பேர் தம்ஸ் அப் போட்டாங்க. லூப்பால வர்ற ஹம் அப்படி கழட்டுனா நிஜமாவே நின்னுரும், அதுதான் ஆபத்து. இரும்பு கேஸ் போட்ட ஆம்ப்புல லைவ் வயர் அறுந்து கேஸ்ல பட்டா எர்த் இல்லாட்டி கேஸே லைவ், தொடுறது அப்பா. எர்த்தை எப்பவும் கேஸுல போல்ட் போட்டு இறுக்குங்க. லூப்ப உடைக்கணும்னா சிக்னல் கிரவுண்டுக்கும் கேஸுக்கும் நடுவுல 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதுக்கு குறுக்கால 35 ஆம்பியர் பிரிட்ஜ் டயோடு. பிளக்குக்குள்ள ஃபியூஸ் 13 வேணாம், சின்ன ஆம்ப்புக்கு 3 போதும்.

இதுக்கு பதில் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க, சார்ஜ்மேன் மாமாதான், எனக்கு சொன்னதை விட பச்சையா.

5. திருத்துன படத்தை திரும்ப போடுங்க

நிறைய பேர் இதை செய்றதில்ல, வேலை முடிஞ்சா ஓடிப் போயிடுறாங்க. வி2 படம், என்ன மாத்துனேன், யார் சொன்னது, அளந்தப்ப முன்ன எத்தனை பின்ன எத்தனை. ஏத்துக்காததையும் எழுதுங்க, காரணத்தோட. 1947ல வில்லியம்சன்னு ஒரு இன்ஜினியர் இங்கிலாந்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில வால்வு ஆம்ப் படம் போட்டாரு, உலகம் பூரா செஞ்சு பாத்தாங்க, அவரே 1949ல திருத்துன படம் ஒண்ணு திரும்ப போட்டாரு. நமக்கு என்ன கௌரவம் கொறையப் போவுது.

நான் மாமாவுக்கு தனியா மெசேஜ் போடல, சனிக்கிழமை பழைய 25 வோல்ட் கெப்பாசிட்டர் நாலையும் கொண்டு போயி அவர் தே தாரிக் கிளாஸ் பக்கத்துல வச்சேன். எடுத்துப் பாத்தாரு. "ரொட்டி சானாய் சாப்பிடுறியா?"ன்னாரு. அவ்ளோதான்.

பின்னாடி சேத்தது: இதைப் படிச்சிட்டு ஒரு தங்கச்சி கேட்டா, ஹீட்சிங்க்க கேஸுல முடுக்குன உடனே ஃபியூஸ் போயிருச்சாம். எல்எம்1875 முதுகுல இருக்கிற உலோகத் தகடு மைனஸ் ரெயிலோட சேந்தது, கிரவுண்டோட இல்ல. நடுவுல மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் கட்டாயம். முடுக்குனப்புறம் பவர் போடாம சிப்பு முதுகுக்கும் கேஸுக்கும் நடுவுல மீட்டர்ல பீப் வருதான்னு பாருங்க, வரக் கூடாது. இது எனக்கு தெரிஞ்சதுதான், அதான் எழுத மறந்துட்டேன்.

இன்னொண்ணும் சேத்தது: கடையில எல்எம்1875 இல்ல, டிடிஏ2030 இருக்கு, கால் அஞ்சும் அதே வரிசைதான், போடலாமான்னு ரெண்டு பேர். கால் அதேதான், ஆனா அதுக்கு பிளஸ் மைனஸ் 18 வோல்ட்டுதான் உச்சம், என் 18-0-18 ட்ரான்ஸ்ஃபார்மர்ல மாட்டுனா ஸ்விட்ச் போட்ட உடனே புகை. அதுக்கு 9-0-9 வாங்குங்க, லோடு இல்லாதப்ப 18க்குள்ள நிக்கிதான்னு சிப்பு மாட்டுறதுக்கு முன்னாடி அளந்துட்டு மாட்டுங்க.