பழைய ரேஸ் ஜெர்சி சேர்க்கிறவங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க: தயவுசெஞ்சு துவைக்காதீங்க

பழைய சைக்கிள் ரேஸ் ஜெர்சி சேர்க்க ஆரம்பிச்சிருக்கிற சில பேரோட இப்போ அடிக்கடி பேசிட்டு இருக்கேன். நாங்கல்லாம் அப்போ பண்ணி பணத்தையும் நல்ல நல்ல துணியையும் விட்டோமே, அதே தப்பத்தான் வரிசையா பண்றாங்க. விலை விசாரிக்காம வாங்குறது, மங்கலான போட்டோவ நம்புறது இதெல்லாம் ஒரு தடவ சூடு பட்டா தானா புரிஞ்சிடும், அதப் பத்தி எழுதல. தானா புரியாத விஷயம் மட்டும்தான் இங்க.

டீம் ஜெர்சி எல்லாமே ரேஸ்ல போட்டது இல்ல

டீம் ஒரு ரைடருக்குக் குடுக்குற செட்டுல பிரிக்காமலே கிடந்ததும் இருக்கும். அது அசல்தான், ஆனா ரோட்டையே பார்த்திருக்காது. ரசிகர்களுக்காக கடையில வித்தது தனி, பின்னாடி வருஷங்கள்ல பழைய டிசைன்லயே கம்பளியில நெய்து வித்த ரெப்ளிகா தனி. பெல்ஜியத்தோட பெரிய ரைடர் எடி மெர்க்ஸ் 1971-லருந்து 1976 வரைக்கும் போட்ட மோல்டெனி டீம் ஆரஞ்சு ஜெர்சிக்கு அப்படி ரெப்ளிகா ஏகப்பட்டது சுத்துது.

டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல முன்னிலைல இருக்கிறவருக்குக் குடுக்குற மஞ்சள் ஜெர்சில இன்னொரு சிக்கல். இந்தக் காலத்துல மேடையில மாட்டி விடுறது வேற, மறுநாள் ஓட்டுறப்ப போடுறது வேற. மேடை ஜெர்சிக்கு முதுகுப் பக்கம் ஜிப் இருக்கும், ரைடர் கைய நீட்டுனா முன்னாடி இருந்து நுழைச்சு பின்னாடி இழுத்து மூடிருவாங்க. அதனால விலை பேசுறதுக்கு முன்னாடி முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க.

வருஷத்த சரிபாக்காம கதைய நம்புறது

1930-லருந்து 1961 வரைக்கும் டூர் டி பிரான்ஸ்ல கம்பெனிங்க காசு போட்டு நடத்துற டீமே கிடையாது, நாட்டு டீம், பிராந்திய டீம்தான் ஓடுச்சு. 1962-ல கம்பெனி டீம் திரும்ப வந்துச்சு, அப்புறம் 1967, 1968 ரெண்டு வருஷம் மட்டும் மறுபடி நாட்டு டீம். ஸ்பெயின் ரைடர் பஹமோன்டெஸ் 1959-ல டூர்ல ஜெயிச்சது ஸ்பெயின் டீமுக்காக. அப்படி இருக்கும்போது ஒருத்தர் கம்பெனி டீம் ஜெர்சிய நீட்டி இது 59 டூர்ல போட்டதுன்னா கதை தப்பு. ஜெர்சியே போலின்னு சொல்ல வரல, அதே வருஷம் இத்தாலியில நடக்குற ஜிரோ டி இத்தாலியா ரேஸ்ல போட்டதா கூட இருக்கலாம், அங்க கம்பெனி டீம் ஓடுச்சு. ஆனா டூர் ஜெர்சிக்கான விலைய ஏன் குடுக்கணும்?

அதே மாதிரி சிவப்புப் புள்ளி போட்ட மலை ஜெர்சி. மலை ஏறுறவங்களுக்கான பட்டம் 1933-லயே இருக்கு, ஆனா புள்ளி ஜெர்சி வந்தது 1975-லதான். அதுக்கு முந்தின வருஷத்துக் கதையோட வந்தா எடுத்த இடத்துலயே வெச்சிருங்க.

துவைக்கிறது

இத நினைச்சா இன்னிக்கும் எனக்குக் கோவம் வருது.

பழைய கம்பளி ஜெர்சி பார்சல பிரிச்சா ஒரு வாடை அடிக்கும், பழைய வேர்வை, கால்ல தேய்ச்ச தைலம், அலமாரி வாடை எல்லாம் கலந்து. புதுசா வாங்குனவங்க மொதல்ல பண்றது அதத் தூக்கி தண்ணியில போடுறது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு ரைடரோட குடும்பத்துக்கிட்ட இருந்தே நேரா ஒண்ணு வாங்குனாரு, அறுபதுகள்ல ஓட்டுனது, பெரிய பேரு இல்லாத ரைடர், தலைவனுக்கு தண்ணி பாட்டில் கொண்டாந்து குடுக்குற வேலை. வந்த அன்னிக்கே போட்டோ அனுப்பியிருந்தாரு. பின்பக்கம் பாக்கெட்டுக்கு மேல நாலு மூலைலயும் துருப் புள்ளி, நம்பர் துணிய ஊக்கு போட்டுக் குத்துன இடம். இடது இடுப்புல உள்ளங்கை அகலத்துக்கு இழை ஓட்டி தச்சிருக்கு, நூல் கலர் லேசா மாறித் தெரியுது. கீழ விழுந்து கிழிஞ்சத யாரோ பொறுமையா உக்காந்து சரி பண்ணியிருக்காங்க. அந்த ரைடர் இடது பக்கமா விழுந்து எந்திரிக்கிற பழைய பத்திரிகை போட்டோ ஒண்ணு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னு சொல்லியிருந்தேன்.

நான் போறதுக்குள்ள அவரு வெந்நீர்ல மெஷின்ல போட்டுட்டாரு. அதுக்கு முன்னாடி துருப் புள்ளிங்க மேல கறை எடுக்குற மருந்து வேற.

கம்பளி இழை மேல செதில் செதிலா இருக்கும், சூடும் உலுக்கலும் சேர்ந்தா அந்தச் செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகிடும், திரும்ப விரியாது. ஜெர்சி ஒரு பையன் சைஸுக்கு வந்திருச்சு. நெஞ்சுல இருந்த ஃபிளாக் எழுத்து (வெல்வெட் மாதிரி மெத்துன்னு ஒட்டுற எழுத்து) பசை விட்டு உரிஞ்சிருச்சு, கருநீலப் பட்டை சாயம் வெள்ளையில இறங்கிருச்சு. தச்ச இடம்தான் பாக்கவே முடியல, அந்த நூல் சுருங்கல, சுத்தி இருந்த கம்பளி சுருங்கிருச்சு, அதனால அது மட்டும் உப்பிட்டு நிக்குது. இப்போ போட்டோவோட ஒப்பிட அங்க ஒண்ணுமே இல்ல.

அவரு மேல தப்பு சொல்லல, அழுக்குன்னா துவைக்கணும்னுதான் நம்ம எல்லாருக்கும் பழக்கம். ஆனா இந்தத் துணில அழுக்குதான் ஆதாரம். ஊக்குத் துளை, பாக்கெட் வாய் தொங்கிப்போன விதம், கை ஓரத்துல செயின் கிரீஸ், காலருக்கு அடில மட்டும் மங்காம இருக்கிற அசல் கலர், இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆளு இதப் போட்டு ஓட்டியிருக்கான்னு சொல்லுது.

கையால மெதுவா அலசுனா பரவாயில்லையான்னு கேக்குறாங்க. வேண்டாங்க. நெறய சோப்புத்தூள்ல புரதத்தக் கரைக்கிற என்சைம் இருக்கு, கம்பளியும் புரதம்தான். வெள்ளையாக் காட்டுறதுக்குன்னு சேர்க்கிற ரசாயனம் துணில தங்கிட்டா யூவி லைட்டுல நீலமா ஒளிரும், அப்புறம் அசல் ஜெர்சியே புதுசா நெய்த ரெப்ளிகா மாதிரித் தெரியும். வேர்வை உப்பு நாளாவட்டத்துல இழையக் கெடுக்கும்ங்கிறது உண்மைதான், அந்தக் கவலை இருந்தா மியூசியம் துணிகளப் பாதுகாக்குற ஆளுங்ககிட்ட கொண்டு போங்க. அதுவரைக்கும் நல்ல வெளிச்சத்துல உள்ளயும் வெளியயும் போட்டோ எடுங்க, மேல மெல்லிசா வலை விரிச்சு வாக்குவம் கிளீனர குறைஞ்ச இழுப்புல வெச்சு தூசி மட்டும் எடுங்க, அவ்வளவுதான்.

கையெழுத்து

கையெழுத்து எந்த ஜெர்சில வேணா வாங்கலாம். அந்த ரைடர் அத உடுத்தி ஓட்டுனாருங்கிறதுக்கு அது ஆதாரம் இல்ல.

ஹேங்கர்

மாட்டாதீங்க. படுக்க வைங்க, மடிப்புல அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர சுருட்டி வைங்க.

பூச்சி வந்ததும் அந்துருண்டை

அந்துருண்டை வாடை கம்பளில ஏறுனா லேசுல போகாது, அந்த வாடை தாங்காமலே அடுத்து துவைக்கத் தோணும். துணியத் திங்கிறது பறக்குற அந்துப்பூச்சி இல்ல, அதோட புழு. ஜெர்சிய பாலிதீன் கவர்ல போட்டு காத்த வெளியேத்தி மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போற ஃபிரீசர்ல ரெண்டு வாரம் விடுங்க, முட்டையும் சேர்ந்து செத்துரும். வெளிய எடுத்த உடனே கவரப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே கிடந்து ரூம் சூட்டுக்கு வரட்டும், இல்லன்னா சில்லுன்னு இருக்கிற துணி மேல ஈரம் கோத்துக்கும், பழைய ஊக்கு ஏதாவது இன்னும் குத்தியே இருந்துச்சுன்னா துருக்கறை இன்னும் பரவிரும்.