ஓய்வூதியப் பேச்சுவார்த்தையில் குறைந்த சம்பளக்காரரை விட்டுவிடாமல் இருக்க

சங்கத்தின் சார்பில் ஓய்வூதியம் பற்றிப் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் பணிமூப்பு உள்ளவர்கள்தான், அதனால் கோரிக்கைகளும் அவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. இதை மாற்ற ஒரே வழி, துப்புரவுப் பணியாளர், சமையல் உதவியாளர், பகுதிநேர ஊழியர் என்று மூன்று நான்கு பேரின் சம்பளச் சீட்டை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி, நிர்வாகம் சொல்லும் ஒவ்வொரு திட்டத்தையும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பது.

ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் செய்யும் பிடித்தத்தில் ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் 3 சதவீதம் கூடுதல் என்றால் கேட்கச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் சரியாகப் போகிறவர், விலக அனுமதி இருந்தால் திட்டத்தை விட்டே விலகிவிடுவார், நிர்வாகம் போடும் பங்கும் அதோடு போய்விடும். அதனால் குறைந்த சம்பளத்துக்குக் குறைந்த சதவீதம் என்று சம்பளத்துக்கு ஏற்ற படிநிலை கேளுங்கள். பிரிட்டனில் 2011-இல் அரசுத் துறை ஊழியர்களின் ஓய்வூதியத் தகராறின்போது 15,000 பவுண்டுக்குக் கீழே வாங்குபவர்களுக்குப் பிடித்தத்தை உயர்த்த மாட்டோம் என்று அரசு சொன்னது, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 15,000 முழுநேரச் சம்பளக் கணக்கு. 18,000 பவுண்டு வேலையைப் பாதி நேரம் செய்து 9,000 மட்டும் வாங்கியவருக்கு அந்த விலக்கு கிடையாது! வரம்பு எதை வைத்து என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

அடுத்து, கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியம் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அடம்பிடிக்க வேண்டாம். பதவி உயர்வே இல்லாமல் ஒரே நிலையில் ஓய்வு பெறுபவருக்கு அதில் லாபம் குறைவு. செலுத்தும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும், வேகமாக மேலே போகிறவர் கீழ்நிலையில் இருப்பவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பெற முடியும் என்று பிரிட்டனின் அரசுத் துறை ஓய்வூதியங்களை ஆராய்ந்த, ஜான் ஹட்டன் தலைமையிலான ஆணையம் 2010-இல் சொன்னது. பணிக்காலம் முழுவதன் சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் முறை குறைந்த சம்பளக்காரர்களுக்குச் சாதகமாகலாம், ஆனால் பழைய வருடங்களின் சம்பளத்தை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டால் மட்டும்.

ஓய்வு வயதை உயர்த்தும் பேச்சு வந்தால், குனிந்து நிமிர்ந்து உடலுழைப்பில் இருப்பவர்களுக்குத் தனி விதி கேளுங்கள்.

அப்புறம் வேலைநிறுத்தம். ஒரு நாள் சம்பளம் போவது மேலதிகாரிக்கு வேறு, தினச் செலவுக்கே திண்டாடுபவருக்கு வேறு, சங்கம் தரும் நிதி உதவி கீழிருந்துதான் தொடங்க வேண்டும். வாக்கெடுப்புக் கூட்டத்தை இரவுப் பணிக்காரர் வர முடிகிற நேரத்தில் வையுங்கள்.

கடைசியில் கையெழுத்துப் போடும்போது குறைந்தபட்ச ஓய்வூதியமும் படிநிலைப் பிடித்தமும் ஒப்பந்தத்திலேயே எண்ணாக இருக்கட்டும், ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்ற வரியை ஏற்க வேண்டாம்.