சமுதாயக் கல்லூரி அறங்காவலர்களைக் கண்காணிப்பது எப்படி? கலிபோர்னியாவில் வசிப்போருக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் சொந்த வீடு உள்ளவரின் சொத்துவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால், பள்ளி மாவட்டத்துக்கான தொகைக்கு அருகிலேயே சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் கடன் பத்திரத்துக்கென்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்தப் பணம் எந்தக் கட்டடத்துக்கு, எந்த ஒப்பந்ததாரருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் அக்கல்லூரியின் அறங்காவலர்கள். அறங்காவலர் என்றதும் நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கேயோ அவர்கள் நான்காண்டுப் பதவிக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். மாநிலத்தில் சமுதாயக் கல்லூரி மாவட்டங்கள் 73 உள்ளன. அவர்களைத் தேர்ந்தெடுக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் ஆவணம் கேட்கவும் அது தேவையில்லை. வேலை விசாவில் இருப்பவருக்கும் இந்த வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

பலரும் நேராகக் கூட்டத்துக்குப் போய், கொடுக்கப்படும் இரண்டு மூன்று நிமிடங்களில் மனக்குறையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். என் அனுபவத்தில் பயன் தருவது கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாட்கள்தான். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன் திறந்து நடக்க வேண்டும் என்று 1953இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்தினுடையதை 24 மணி நேரத்துக்கு முன்பும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதை இறக்கிக்கொண்டு, பெரிய தலைப்புகளை விட்டுவிட்டு, ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக நிறைவேற்றப்படும் ஒப்புதல் பட்டியலுக்கு முதலில் போங்கள். விவாதமின்றிப் பணம் நகரும் இடம் அதுதான்.

அங்கே 'கட்டடக் கலைஞர் ஒப்பந்தம், திருத்தம் எண் 4, கூடுதல் தொகை 85,000 டாலருக்கு மிகாமல்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 85,000 டாலர் ஒரு கல்லூரிக்குப் பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் திருத்தம் நான்கு என்றால் முதல் மூன்று எங்கே என்ற கேள்வி எழ வேண்டும். பழைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, முதல் ஒப்பந்தத் தொகை எவ்வளவு, போட்டி ஒப்பந்தப்புள்ளி கேட்கப்பட்டதா, இதுவரை கூட்டப்பட்டது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒருமுறை நான் இப்படிக் கூட்டிப் பார்த்த தொகையை ஒரே பத்தியில் எழுதி அறங்காவலர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது, அவர் அந்த வரியை ஒப்புதல் பட்டியலிலிருந்து எடுத்துத் தனி விவாதத்துக்கு வைக்கச் சொன்னார். அதுவரை யாரும் அதைக் கூட்டிப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து, அந்த நிறுவனத்துக்கும் அறங்காவலர்களுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். அறங்காவலர்கள் பதவியேற்றதும், பின்னர் ஆண்டுதோறும், படிவம் 700 என்ற பொருளாதார நலன் அறிக்கையைத் தாக்கல் செய்கிறார்கள். கல்லூரி மாவட்ட அலுவலகத்தில் அதைக் கேட்டால், நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்காமல் காட்ட வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அறிவிக்க வேண்டிய ஒரே மூலத்திடமிருந்து ஆண்டில் மொத்தம் 50 டாலருக்குக் குறையாத பரிசு பெற்றிருந்தால் அது அதில் இடம்பெற்றிருக்க வேண்டும். தேர்தல் நன்கொடைகள் இன்னொரு தாளில், படிவம் 460இல், இருக்கும். இரண்டையும் ஒப்பந்ததாரர் பட்டியலோடு அருகருகே வைத்துப் படியுங்கள். 2025 முதல், ஒப்பந்தம் நாடும் தரப்பிடமிருந்து முந்தைய 12 மாதங்களில் 500 டாலருக்கு மேல் நன்கொடை பெற்ற உறுப்பினர், சில வகை ஒப்பந்தங்கள் நீங்கலாக, அந்த முடிவில் பங்கெடுக்கக் கூடாது.

இந்த வேலை வீண் சந்தேகமாகத் தோன்றினால் சான்டியேகோ கவுன்டியின் சவுத்வெஸ்டர்ன் கல்லூரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2008இல் வாக்காளர்கள் அக்கல்லூரிக்கு 38.9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். அதன்பின் கட்டுமான நிறுவனங்கள் அளித்த விருந்துகளும் பரிசுகளும் விசாரணைக்கு வந்தன. அருகிலிருந்த பள்ளி மாவட்டத்தையும் சேர்த்து 2012இல் வழக்குத் தொடரப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவற்றில் பல, வாங்கிய பரிசைப் படிவத்தில் எழுதாத குற்றங்கள்.

அறங்காவலர்களே அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விதியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தனக்கு லாபம் வரக்கூடிய விஷயத்தில் 'நான் வாக்களிக்கவில்லை, ஒதுங்கிக்கொள்கிறேன்' என்று எழுந்து வெளியே போய்விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நலன் முரண் உள்ள சாதாரண முடிவுகளுக்கு அது பொருந்தும். ஒப்பந்தம் என்று வரும்போது அரசுச் சட்டத் தொகுப்பின் 1090ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: உறுப்பினர் ஒருவருக்கு நிதி நலன் இருக்கும் ஒப்பந்தத்தை, சட்டமே விலக்களித்துள்ள சில சூழல்கள் தவிர, அந்த அறங்காவலர் குழு முழுவதுமே செய்யக் கூடாது. ஒதுங்கியதால் ஒப்பந்தம் சுத்தமாகிவிடாது. மீறிச் செய்தால் அது செல்லாததாகிவிடும், தெரிந்தே செய்தவர் வாழ்நாள் முழுவதும் பொதுப் பதவி வகிக்க முடியாதவராகலாம். எனவே ஓர் அறங்காவலர் ஒப்பந்த வாக்கெடுப்பில் ஒதுங்கினால் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதற்கு முன், ஏன் ஒதுங்கினார் என்று கேளுங்கள்.

மூடிய அமர்வுகளைப் பற்றி: பணியாளர், வழக்கு, ஊதியப் பேச்சு, நிலம் வாங்கல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே கதவைச் சாத்த அனுமதி உண்டு. பெரும்பான்மை உறுப்பினர்கள் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசி முடிவுக்கு வருவதும் கூட்டமாகவே கருதப்படும், அது சட்டவிரோதம்.

கணக்குப் பார்க்கப் பிடித்தவர்கள் உள்ளேயே போய் அமரலாம். 2000இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 39, கல்விக் கட்டடக் கடன் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக்குப் பதிலாக 55 விழுக்காடு வாக்கு போதும் என்று தளர்த்தியது. அந்த வழியில் நிறைவேறிய பத்திரத்துக்குக் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் மேற்பார்வைக் குழுவும் ஆண்டுத் தணிக்கைகளும் கட்டாயம். கல்லூரியின் ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் அக்குழுவில் இருக்கக் கூடாது. பல இடங்களில் காலியிடங்களுக்கு ஆள் கிடைக்காமல் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப வெளியிடுகிறார்கள். கணக்கியலும் பொறியியலும் தெரிந்த நம்மவர்கள் விண்ணப்பிக்காமலிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பத்திரப் பணத்தில் நிர்வாகிகளின் சம்பளம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் அங்கே முதலில் பார்க்க வேண்டியது.

தவறு கண்ணில் பட்டால், எங்கே போக வேண்டும் என்பது தவறின் வகையைப் பொறுத்தது. பரிசு, நன்கொடை, 1090 தொடர்பான புகார்களை மாநிலத்தின் நியாயமான அரசியல் நடைமுறைகள் ஆணையத்துக்கு இணையவழியில் அனுப்பலாம். பிரவுன் சட்ட மீறல் அந்த ஆணையத்தின் வேலையன்று. அதற்குக் கவுன்டியின் அரசு வழக்குரைஞர் (District Attorney) இருக்கிறார், அல்லது நீங்களே நீதிமன்றம் போகலாம். முடிவைச் செல்லாததாக்க வேண்டுமானால், போவதற்கு முன் அறங்காவலர் குழுவுக்கு, எந்தத் தேதியில் எந்த முடிவு எப்படிச் சட்டத்தை மீறியது என்று குறிப்பிட்டு, அதைத் திருத்தும்படி எழுத்தில் கோர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாததைத் திறந்த கூட்டத்தில் நிறைவேற்றியிருந்தால் இதற்கு 30 நாட்கள்தான் அவகாசம். மூடிய அமர்வில் நடந்ததற்கு 90 நாட்கள். குழு திருத்துவதற்கு 30 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ வழக்குத் தொடுக்க உங்களுக்குக் கிடைப்பது 15 நாட்கள் மட்டுமே. ஆகவே கடிதத்தைக் கொடுத்த அன்றே தேதியிட்ட ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த இரண்டு கெடுக்களையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.