14×17 அங்குல ஃபிலிம் கேமரா: மூக்குக்கண்ணாடிக் கடை லென்ஸை வைத்துக் கட்டும் முறை

பலகையை அறுப்பதற்கு முன்பே ஃபிலிமையும் லென்ஸையும் வாங்கிவிடுங்கள். பெட்டியின் அளவு அந்த இரண்டிலிருந்துதான் வரும்.

ஃபிலிம். மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம், 35×43 செ.மீ. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கேட்கும்போது "டார்க்ரூமில் கழுவுகிற ஃபிலிம்" என்றே கேளுங்கள். ஸ்கேன் சென்டர்களின் தெர்மல் ஃபிலிம் வெப்பத்தில் படம் விழுவது, கேமராவுக்கு உதவாது.

லென்ஸ். +1.50 பவர், ஃபிரேமுக்காக வெட்டாத, நிறமில்லாத சிங்கிள் விஷன் (முழுக்க ஒரே பவர் உள்ள) லென்ஸ். குவியத் தூரம் 1000 ÷ 1.5, அதாவது 667 மி.மீ. இதை 75 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டில், குழிந்த பக்கம் வெளியே பார்க்கப் பொருத்துங்கள். லென்ஸுக்கு 6 செ.மீ. முன்னால் கறுப்பு அட்டையில் துளைத் தகடு: ஃபோகஸ் பார்க்க 20 மி.மீ. துளை, படம் எடுக்க 7.5 மி.மீ. (எஃப்/90, அதாவது குவியத் தூரத்தில் சுமார் 90-ல் ஒரு பங்கு). தகட்டை லென்ஸோடு ஒட்டி வைத்தால் ஓரங்கள் குழம்பிப்போகும். குழாயின் எண்ட் கேப்தான் ஷட்டர். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தளர்த்திவிடுங்கள்; இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது பெட்டியே ஆடும்.

பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பெட்டிகள், 9 மி.மீ. மரைன் பிளைவுட். பின்பெட்டி உள்ளளவு 38×46 செ.மீ., நீளம் 50. முன்பெட்டி உள்ளளவு 40.4×48.4, நீளம் 45. இடைவெளியில் கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள். தூரக் காட்சிக்கு லென்ஸிலிருந்து ஃபிலிம் வரை 67 செ.மீ., 3 மீட்டரில் நிற்பவருக்கு 86 செ.மீ. இரண்டுக்கும் இந்த நீளம் போதும். ஸ்க்ரூ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. உள்ளே மேட் கறுப்பு அடித்து, எரியும் டார்ச்சை வைத்து மூடி, இருட்டறையில் கசிவு பாருங்கள்.

ஃபோகஸ் பார்க்கும் திரையாகப் பின்னால் அக்ரிலிக்கில் ஒட்டிய ட்ரேசிங் தாள். அதே தளத்தில் ஃபிலிம் உட்காரும்படி ஃபிலிம் சட்டம், அதற்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு மூடி.

ஃபோகஸ். பலர் சறுக்குவது இங்கேதான். கண் மஞ்சள், பச்சை ஒளியில் கூர்மை பார்க்கிறது. எக்ஸ்ரே ஃபிலிம் நீலத்தையே அதிகம் வாங்கும். ஒற்றை லென்ஸில் நீல ஒளி லென்ஸுக்குச் சற்று அருகிலேயே குவிந்துவிடும். அதனால் ஃபோகஸ் பார்த்தபின் பின்பெட்டியை சுமார் 1 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். அதன்பிறகே சிறிய துளை.

எடுப்பது. ஃபிலிமின் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 50 என்று வைத்தால் உச்சி வெயிலில் எஃப்/90க்கு சுமார் 1 விநாடி. கையால் மூடியை எடுத்து மூட இது தோதான நேரம். ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் காற்று பெட்டியைப் படகின் பாய்போல் தள்ளும். தனுஷ்கோடியில் ஆடிக் காற்றில் ஸ்டாண்டை நம்பாதீர்கள். தாழ்வான மேசை, இருபுறமும் மணல் மூட்டை, அதிகாலை. காலை வெளிச்சத்தில் நேரத்தை இரண்டு, மூன்று மடங்காக்குங்கள். கடலின் அடிவானத்தைப் படத்தின் நடுவிலேயே வையுங்கள். இந்த லென்ஸ் ஓரத்து நேர்கோடுகளை வளைக்கும்; பாம்பன் பாலத்தையும் விடாது.

கழுவுவது. சிவப்பு விளக்கு. முதலில் ஒரு துண்டு ஃபிலிமில் நாணயத்தை வைத்து 5 நிமிடம் விளக்கடியில் விட்டு, டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை. ரோடினால் என்ற டெவலப்பர், ஒரு பங்குக்கு 100 பங்கு தண்ணீர் (1:100), சுமார் 7 நிமிடம். எக்ஸ்ரே டெவலப்பரை அப்படியே ஊற்றினால் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே மிஞ்சும். கரைசல் 24 டிகிரியைத் தாண்டக்கூடாது. ட்ரேயைச் சுற்றி ஐஸ் வையுங்கள். ஃபிலிமின் இரு பக்கமும் எமல்ஷன் (படம் விழும் பூச்சு), ஈரத்தில் நகம் பட்டாலே உரியும். ட்ரேயின் அடியில் கண்ணாடித் தகடு, ஒரு நேரத்தில் ஒரே ஃபிலிம். டெவலப் ஆனதும் ஃபிக்ஸரில் போட்டுப் படத்தை நிலைக்கவைத்து அலசுங்கள். போர் தண்ணீர் உப்புத் திட்டு விடும் என்பதால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். உலர்த்துவது அறைக்குள், வெளியே கட்டினால் மணல் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிறகு எடுக்க முடியாது.