குட்டி போட்ட குதிரையும் ஊசியும்: புதுசாக வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிலர் அந்தியூர்ச் சந்தையில் சினைக்குதிரையாகவே பிடித்து வந்துவிடுகிறார்கள். தொழுவத்தைக் கூட்டி வை, தொப்புளுக்கு மருந்து போடு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மாட்டுக் கணக்கு

பசுவுக்கு நஞ்சுக்கொடி விழ அரை நாள் பொறுக்கலாம். குதிரைக்கு 3 மணி நேரம்தான். அதற்குமேல் விடியட்டும் என்று படுக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பி காலையில் போன் பண்ணினான். "ராத்திரியே குட்டி போட்டிருச்சுங்ணா, கொடிதான் தொங்குது. செங்கல்லு கட்டி விட்டிருக்கனுங்." செங்கல்! பாரம் இழுத்தால் கொடி கிழிந்து துண்டு உள்ளே நிற்கும், கருப்பையே வெளியே வந்தாலும் வரும். போதாததற்கு, மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஆக்ஸிடோசினை (கருப்பையைச் சுருக்கும் ஹார்மோன் ஊசி) அளவு பார்க்காமல் ஏற்றியிருக்கிறான். குதிரை வியர்த்துக் கொட்டி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, உருண்டது. குட்டி மடியை அண்ட முடியவில்லை. அந்த ஊசியை டாக்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 20 யூனிட்தான், இடைவெளி விட்டுப் போடுவார்கள்.

துண்டு உள்ளே அழுகினால் அந்த விஷம் ரத்தத்தில் கலந்து குளம்பைப் பிடிக்கும். அவன் குதிரைக்கும் அதுதான் நடந்தது. குளம்பு சூடேறி, முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. அப்புறம் வண்டியில் பூட்டவே இல்லை.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்ட ஏன் இத்தனை அவசரம்? முதலில் தரையில் விரித்துப் பாருங்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கொம்பு இருக்கும். குட்டி வந்த ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை இருக்கக் கூடாது. பெரும்பாலும் சின்னக் கொம்பின் நுனிதான் அறுந்து உள்ளே தங்கும். சந்தேகமா, வாளியில் போட்டு டாக்டர் வரும்வரை வையுங்கள்.

மடி வற்றியிருக்கப் பால் ஊசி

ஆக்ஸிடோசின் இருக்கிற பாலை இறக்கும், இல்லாத பாலைச் சுரக்க வைக்காது. சுரக்க வைக்க டோம்பெரிடோன் உண்டு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை குட்டியைப் பட்டினி போடாதீர்கள். 2 மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்திருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது.

ஒன்பதாம் நாள் இணை சேர்ப்பது

குட்டி போட்ட ஒன்பதாம் நாள் வாக்கில் தாய்க்கு மறுபடி சூடு வரும், அதாவது இணை தேடும். கொடி தங்கிய குதிரைக்கு அப்போது இணை சேர்க்க வேண்டாம்.

குட்டி கழிந்தால் தாய்க்கு ஹார்மோன் ஊசி

தாய்க்குச் சூடு வரும் அந்த நாட்களில் குட்டி கொஞ்சம் கழியும். குடல் பழகுவதால் வருவது அது, தாயின் ஹார்மோனால் அல்ல. குட்டி துள்ளிக்கொண்டு பால் குடித்தால் வாலடியைக் கழுவித் துடைத்து விடுங்கள், போதும். பால் குடிக்காமல் படுத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ, டாக்டரைக் கூப்பிட்டுக் குட்டியைத்தான் காட்ட வேண்டும்.