வார்ப்பு இரும்பு தோசைக்கல்: வாங்குவதும் பழக்குவதும்

மதுரையில் மாசி வீதிப் பாத்திரக் கடைகளில் கல் வாங்கும்போது கையோடு ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். கல்லின் குறுக்கே நிமிர்த்தி வைத்தால் அடியில் பெரிய இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் மாவு நடுவில் தேங்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் கீறல் இருக்கலாம். வீட்டுக்கு 11 அங்குலம் போதும். கறுப்புப் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், சிலதில் அது வெறும் பூச்சு.

பழக்குவது என்றால் கல்லில் எண்ணெய்ப் படலத்தை இறுகப் பிடிக்கவைப்பது. வாங்கிவந்த கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவையுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, துணியால் எண்ணெயே இல்லாததுபோலத் துடைத்தெடுங்கள். புகை வந்து அடங்கும்வரை மிதமான தீயில் வைத்து, ஆறவிடுங்கள். இதை 4 முறை செய்யுங்கள். எண்ணெய் அதிகமானால் இறுகாமல் பிசுபிசுக்கும். பலரும் சொதப்புவது இங்கேதான்.

முதல் சில நாள் முட்டைதோசை, கறிதோசை வேண்டாம், எண்ணெய் தாராளமாக விட்டு ஊத்தப்பம் சுடுங்கள். சப்பாத்திக்குத் தனிக் கல். வறண்ட சூட்டில் எண்ணெய்ப் படலம் கருகிவிடும். தக்காளி, புளி வதக்கினாலும் உரியும். சூடான கல்லில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உடனே துடையுங்கள், உப்புக்கறையும் துருவும் சேர்ந்தே வரும். துரு ஏறினால் கல்லுப்பால் தேய்த்து, மறுபடி பழக்குங்கள்.